சோழகங்கத்தின் கரை: முதலாம் இராஜேந்திரன் ஆட்சியும் கங்கைகொண்ட சோழபுரத்தின் நிலமும்

முதலாம் இராஜேந்திரனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கடலிலிருந்தோ கங்கைக் கரையிலிருந்தோதான் தொடங்குகிறார்கள். கங்கைகொண்டான், கடாரங்கொண்டான் என்ற விருதுகளை அவனே சூடிக்கொண்டான். ஆகவே அந்த வழக்கத்தைப் பிழை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவனுடைய 32 ஆண்டுக்கால ஆட்சியில் நிலைத்து நின்றது எது என்று கேட்டால் விடை கடலுக்கு அப்பால் இல்லை. கடாரத்தில் சோழர் நேராட்சி வேரூன்றவில்லை. வங்கத்தில் ஒரு காணி நிலமும் சோழ அரசோடு சேரவில்லை. அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அவன் எழுப்பிய நகரம் மட்டும் சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. அந்த நகரத்துக்கு மேற்கே வடக்குத் தெற்காக ஓடும் ஓர் ஏரிக்கரையே இக்கட்டுரையின் பொருள்.

கங்கைகொண்ட சோழபுரத்தை வெற்றியின் நினைவுச் சின்னமாக மட்டும் பார்க்கும்போது இராஜேந்திரன் ஆட்சியின் மையச் செயல் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்பது என் வாதம். காவிரிப் படுகையின் பழைய ஊர்களும் சபைகளும் தாங்கி நின்ற ஓர் அரசை, படுகைக்கு வெளியே இருந்த வானம் பார்த்த நிலத்தின் மீது ஊன்றிக் காட்டியதே அந்தச் செயல். சோழகங்கம் என்ற ஏரி அதன் அடித்தளம். போர்கள் அதற்குப் பெயரையும் பொருளையும் கொடுத்தன. நீர்தான் அதற்கு உயிர் கொடுத்தது.

நிலம்

ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி நோக்கிச் செல்லும் சாலையில் மண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் இந்த வாதத்தின் பாதி புரிந்துவிடும். கொள்ளிடத்தின் தென்கரையில் வண்டலும் நெல்லும். வடகரையில் ஆற்றோரத் துண்டு நிலங்களைத் தாண்டியதும் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, மழையை நம்பிய புன்செய். இன்னும் மேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் நிலம். இன்று அங்கே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடிக் கிடந்த பகுதி இது. சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கும் ஓடைகள், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ச் சமைந்த மரம், இன்றைய சிமெண்ட் ஆலைகளை இங்கே இழுத்து வந்த சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தக் கடலின் மிச்சம். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் சுண்ணாம்புக்குழி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு ஒரு மாநகரம் எழுப்ப வேண்டிய அரசனுக்கு இந்த மண்ணில் பொருளுக்குக் குறைவில்லை. குறை நீரில்தான்.

இராஜேந்திரன் வருமுன் இது ஆளில்லாக் காடாக இருந்ததில்லை. மேலப்பழுவூரிலும் கீழப்பழுவூரிலும் பழுவேட்டரையர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டார்கள். சோழருக்குப் பெண் கொடுத்தார்கள், சோழர் படையில் நின்றார்கள். செம்பியன் மாதேவியார் மழவரையர் மகள். அந்த மழநாட்டின் ஒரு பகுதி இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அடங்கும். பெரம்பலூர்ப் பக்கத்தில் வாலிகண்டபுரம் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. ஆக, சோழரின் செல்வாக்கு இங்கே புதிதன்று. ஆனால் அது குறுநிலத் தலைவர்கள் வழியாக வந்த செல்வாக்கு. இராஜேந்திரன் ஆட்சியின் முற்பகுதிக்குப் பிறகு பழுவேட்டரையர் பெயர் கல்வெட்டுகளிலிருந்து மறைந்துபோகிறது. அந்த மறைவும் சில காத தூரத்தில் ஒரு பேரரசின் தலைநகர் எழுந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இடைத்தலைவர்களை நம்பியிருந்த ஒரு வட்டாரம் அரசின் நேர்ப்பார்வைக்குள் வந்தது என்றே இதை நான் கொள்கிறேன்.

ஏரி

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கிடைத்தவை, 31 ஏடுகள். அவற்றின் வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பை விரித்துச் சொல்கிறது. தளபதி வடக்கே சென்று பகையரசர்களை வென்றான். தோற்றவர்கள் தலையில் கங்கை நீரைச் சுமத்தி வந்தான். கோதாவரிக் கரையில் காத்திருந்த அரசனிடம் சேர்த்தான். தன் நாட்டில் அரசன் சோழகங்கம் என்ற ஏரியை அமைத்தான். அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று வருணிக்கிறது செப்பேடு. எசாலம் செப்பேடும் நகரத்தையும் பெருங்கோயிலையும் ஏரியையும் ஒருசேர இராஜேந்திரனுக்கு உரியவையாகச் சொல்கிறது.

அந்த வருணனையில் மயங்கிப் பலர் ஏரியையும் ஒரு சின்னமாக எண்ணிவிட்டார்கள். குடங்களில் வந்த நீர் எவ்வளவு இருந்திருக்கும்? ஏரியின் ஒரு மூலைக்கும் போதாது. சடங்கு வேறு, நீர்வரத்து வேறு. அரசவைப் புலவருக்குச் சடங்கைப் பாட வேண்டிய கடமை இருந்தது, பாடினார். வரலாறு எழுதுகிறவருக்கு நீர்வரத்தைத் தேட வேண்டிய கடமை இருக்கிறது.

தேடுவதற்கு 19ஆம் நூற்றாண்டின் ஒரு குறிப்பு உதவுகிறது. 1855இல் அச்சான அந்த ஆங்கிலக் குறிப்பு உடையார்பாளையம் வட்டத்தில் 16 மைல் நீளக் கரை ஒன்று வடக்குத் தெற்காக ஓடுவதையும், அதில் உறுதியான மதகுகள் பல இருப்பதையும் பதிவு செய்கிறது. தென்முனையில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட வாய்க்கால் ஒன்று வந்து சேர்ந்தது; வடமுனையில் வெள்ளாற்றிலிருந்து சிறியதொரு வாய்க்கால் வந்தது; இரண்டின் தடமும் அப்போது தெரிந்தது. கரை உடைந்து ஏரி தூர்ந்து, உள்வாய் முழுவதும் காடு மண்டிக் கிடந்ததை அந்தக் குறிப்பு சொல்கிறது. இன்று பொன்னேரி என்று ஊரார் சொல்லும் நீர்நிலை அதன் எச்சம்.

16 மைல் என்பது சுமார் 25 கிலோமீட்டர். அந்தக் கரை ஏன் வடக்குத் தெற்காக ஓடுகிறது? உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் மேட்டுநிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் மேட்டிலிருந்து வழியும் வெள்ளம் ஓடைகளாகக் கிழக்கே இறங்கிவிடும்; பிடித்து வைக்க ஆளில்லை. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டால் மேற்கிலிருந்து வரும் அத்தனை நீரும் தேங்கும். தேங்கிய நீர் கரைக்குக் கிழக்கே தாழ்ந்த நிலத்துக்குத் தூம்பு வழியே பாயும். ஏரி அமைப்பின் இந்த இலக்கணம் தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்ததுதான்: கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு. சோழகங்கத்தில் புதுமை இரண்டு. ஒன்று அதன் அளவு. இன்னொன்று, மேட்டு மழைநீரை நம்பி நிற்கும் ஏரியாக அதை விட்டுவிடாமல் இரண்டு ஆறுகளோடு இணைத்தது. மேற்கே மழை பொய்த்தாலும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஏரி நிறையும். நகரம் ஏரிக்குக் கிழக்கே, கரைக்குக் கீழ்ப்புறத்தில் அமைந்தது. அகழிக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் வயலுக்கும் நீர் தானாக இறங்கிவரும் இடம் அது. இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு நிலத்தின் சாய்வு தெரிந்திருந்தது.

இங்கேதான் சோழ அரசின் தன்மை பற்றிய பழைய வழக்கு ஒன்றுக்கு இந்த ஏரி சாட்சி சொல்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் வலிய மைய அரசு ஒன்றைக் கண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் அதை மறுத்தார். அவர் கணக்கில் சோழ அரசனின் உண்மையான அதிகாரம் காவிரிப் படுகையோடு நின்றது. அதற்கு வெளியே அவன் பெரிதும் சடங்குத் தலைவன். நாடுகள் தம்மைத் தாமே ஆண்டன. எ. சுப்பராயலுவும் நொபோரு கராஷிமாவும் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிச் சொற்களையும் காலவரிசையில் எண்ணிப் பார்த்து, முதலாம் இராஜராஜன் காலம் முதல் மைய நிர்வாகம் வளர்ந்து வந்ததைக் காட்டினார்கள். இந்த விவாதம் முழுவதும் கல்லில் வெட்டிய சொற்களைக் கொண்டே நடந்தது. கரையை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

ஓர் ஊர் ஏரியைச் சபை பார்த்துக்கொள்ளும். உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. அது பராந்தகன் காலம். ஆயிரக்கணக்கான ஏரிகள் அப்படித்தான் தலைமுறைகளாக வாழ்ந்தன. ஆகவே நீரை ஆள்வதற்கு எப்போதும் கொடுங்கோல் மைய அரசு வேண்டும் என்ற விட்ஃபோகலின் கொள்கையைத் தமிழகத்துக்கு நான் கொண்டுவரவில்லை. நம் ஊர் ஏரிகளே அதற்கு மறுப்பு. ஆனால் சோழகங்கம் ஓர் ஊரின் ஏரி அன்று. 60 மைல் வாய்க்கால் என்றால் அது பல நாடுகளின் எல்லைகளைக் கடக்கிறது. வழியில் உள்ள ஊர் ஒவ்வொன்றும் தன் நிலத்தை வெட்ட இடம் கொடுக்க வேண்டும். தலைமடையில் இருப்பவன் நீரைத் திருப்பிக்கொள்ளாதபடி காவல் வேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்துத் தலைவாயை ஆண்டுதோறும் சீர்செய்ய ஆள் வேண்டும். ஒரு சபையோ ஒரு நாட்டாரோ செய்து முடிக்கும் வேலையா இது? ஊர்களுக்கு மேலே நின்று நிலத்தை அளந்து, ஆளைத் திரட்டி, வழக்கைத் தீர்க்க வல்ல ஓர் அதிகாரம் கொள்ளிடத்துக்கு வடக்கேயும் இயங்கியது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று வேண்டியதில்லை. கரை முழுவதும் ஒரே ஆட்சியில் எழுந்தது என்று நான் கொள்ளவில்லை. பின்வந்தவர்களும் கூட்டியும் உயர்த்தியும் இருக்கலாம். அப்படியானால் அந்த அதிகாரம் ஓர் அரசனோடு தீர்ந்துபோகாமல் தொடர்ந்தது என்றாகும். ஸ்டைனின் கொள்கைக்கு அது இன்னும் கடுமையான இடி.

அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. சோழர் வரிச் சொற்களில் வெட்டி என்பது கூலியில்லா உழைப்பு. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஊரார் செய்ய வேண்டிய கடமையாக அது கல்வெட்டுகளில் வருகிறது. 25 கிலோமீட்டர்க் கரையைப் பாராட்டும்போது அந்தச் சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைநகரை மாற்றிய காரணம்

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. இராஜேந்திரன் 1012இல் இளவரசுப் பட்டம் ஏற்றுத் தந்தையோடு சேர்ந்து ஆண்டான். 1014இல் இராஜராஜன் மறைந்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மகன் அந்த நகரை விட்டு வெளியேறுகிறான். உலகம் வியந்த கோயில் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது. பின் ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, வெற்றியைக் கொண்டாட. இன்னொன்று, வடக்கே மேலைச் சாளுக்கியரோடும் வேங்கியோடும் ஓயாமல் போர் நடந்ததால், வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டாத இடத்தில் படைத்தளம் வேண்டும் என்பது. இரண்டாவது காரணம் வலுவானது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் படைத்தளத்துக்குப் பாசறை போதும். சுற்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். மதிலும் அரண்மனையும் படைக்கலக் கொட்டிலும் காவலர் குடியிருப்பும் தனித்தனியே திட்டமிட்டு வைத்த நகரம் இது. சோழகேரளன் திருமாளிகை, இராஜேந்திர சோழன் மதில் என்று கல்வெட்டுகள் பெயர் சொல்கின்றன. மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டங்களாக அகழ்ந்ததில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஓர் அகழ்குழியின் ஓரத்தில் நின்று பார்த்தால், கையகல ஓடுகளை ஆணியடித்து வேய்ந்த கூரையையும் அதன் கீழே சீனப் பாத்திரம் புழங்கிய அறையையும் மனத்தில் கட்டியெழுப்ப முடிகிறது.

தஞ்சையைச் சுற்றியிருந்த படுகை பழைய உரிமைகளால் நிரம்பியது. ஒவ்வொரு வேலி நிலத்துக்கும் ஒரு சபை, ஒரு கோயில், ஒரு பிரமதேயம், ஒரு காணிக்காரன். அங்கே அரசன் புதிதாக எதைச் செய்தாலும் யாரோ ஒருவருடைய உரிமையின் மேல்தான் செய்ய வேண்டும். தன் தாய் பெயரால் திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலத்தை அமைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்குப் பங்கு பிரித்த கரந்தைச் செப்பேடுகள் 57 ஏடுகள் நீள்வது ஏன் என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். எல்லை எல்லையாக, உரிமை உரிமையாக எழுதித் தீர்க்க வேண்டியிருந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே மேட்டில் அந்தச் சிக்கல் குறைவு. நீரைக் கொண்டுவந்துவிட்டால் நிலத்தின் மதிப்பையே அரசன் உண்டாக்குகிறான். அந்த நிலம் அவனுக்குக் கடன்பட்டது.

இதே அமைப்பை எட்டரை நூற்றாண்டுகள் கழித்து எத்தியோப்பியாவில் காண்கிறோம். ஆப்பிரிக்கப் பேரரசர்களில் தன் நாட்டைப் புதுமையாக்கியவர் என்று பேர்பெற்ற இரண்டாம் மெனெலிக், ஷேவாவின் அரசராக இருந்தபோதே, 1886இல் மனைவி தைத்துவோடு என்டோட்டோ மலையடியில் அடிஸ் அபாபாவை நிறுவினார். வடக்கே இருந்த பழைய அரச மையங்களைவிட்டு விலகி, அவர் புதிதாக வென்றுகொண்டிருந்த தெற்கை நோக்கிய இடம் அது. ஒரோமோ மக்களின் நிலம். நகரம் பெருகியதும் விறகுக்குப் பஞ்சம் வந்தது; தலைநகரை மேற்கே அடிஸ் ஆலெமுக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் மரங்களை நட்டு வளர்த்ததால் நகரம் பிழைத்தது. 1896இல் அத்வாவில் இத்தாலியரை வென்றது உலகம் அறிந்த கதை. தலைநகரைக் காப்பாற்றியது அந்த மரத்தோப்பு என்பதைச் சொல்லுவோர் குறைவு. இராஜேந்திரனுக்குச் சோழகங்கம் எதுவோ மெனெலிக்குக்கு அந்தத் தோப்பு அது. தந்தி, ரயில், வங்கி என்று மெனெலிக் கொண்டுவந்தவற்றுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் தொடர்பில்லை. அந்த அளவுக்கு ஒப்புமையை இழுக்க மாட்டேன். பழைய மையத்தை விட்டுப் புது நிலத்தில் தலைநகர் வைக்கும் அரசன், அந்த நிலத்தில் இல்லாத ஒன்றைத் தானே கொண்டுவந்து தந்தால்தான் நகரம் நிலைக்கும் என்பது மட்டும் இரண்டு இடத்திலும் பொருந்துகிறது.

ஆவணமும் ஆட்களும்

மெனெலிக்கோடு ஒப்பிடும்போது இராஜேந்திரன் தெளிவாக முன்னிற்கும் இடம் ஒன்று உண்டு: வாரிசு. மெனெலிக் 1909இல் அறிவித்த வாரிசான லிஜ் இயாசு, 1916இல் பதவியிழந்தார். இராஜேந்திரன் தன் மகன் இராஜாதிராஜனை 1018இலேயே இணையரசனாக்கினான். 26 ஆண்டுகள் தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டார்கள். பின்னர் மூன்று மகன்கள் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறினார்கள். இராஜாதிராஜன் 1054இல் கொப்பம் போர்க்களத்தில் வீழ்ந்தபோதும் அரசு குலையவில்லை. 1070இல் மகன்வழி அற்றதும், வேங்கியில் மணம் முடித்துக் கொடுத்த மகள் அம்மங்கை தேவியின் மகன் குலோத்துங்கன் இதே நகரத்துக்கு வந்து அரியணையில் அமர்ந்தான். குலம் மாறியும் தலைநகர் மாறவில்லை.

மகன்களை நாடுகளுக்குப் பொறுப்பாக்கியதும் இந்தத் திட்டத்தின் பகுதி. மதுரையில் பெரியதொரு மாளிகை கட்டி, சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு ஒரு மகனை அங்கே அமர்த்தினான். தோற்ற அரசனைத் திறை கட்டவைத்து விட்டுவிடும் பழைய முறையிலிருந்து இது மாறுபட்டது.

இதே தொடர்ச்சியை ஆவணங்களிலும் காண்கிறோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையில், திருமழபாடி. அங்குள்ள கோயிலின் விமானத்தை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட இராஜராஜன் தன் கடைசி ஆண்டுகளில் ஆணையிட்டான். பழைய சுவரில் தலைமுறைகளின் தானங்கள் கல்வெட்டாக இருந்தன. சுவரை இறக்குமுன் அவை அனைத்தும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. புதிய விமானம் எழுந்த பின், இராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் படியிலிருந்து கல்லில் மறுபடி வெட்டினார்கள். நடுவே பத்தாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது, அரசனும் மாறிவிட்டான், ஏடு பத்திரமாக இருந்தது. இதை நான் அவன் ஆட்சியின் மிகச் சிறந்த சாட்சிகளில் ஒன்றாக மதிக்கிறேன். இறந்துபோன யாரோ ஒருவர் ஒரு விளக்குக்காக விட்ட ஆடுகளின் கணக்கு அழியக்கூடாது என்று கவலைப்பட்ட அலுவலகம் அது.

எண்ணாயிரம் கல்வெட்டில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று வகுத்ததும் இதே கையின் பழக்கம். வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் கற்பித்த இடம் அது. பிராமண மாணவர்களுக்கு மட்டுமே திறந்த கதவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் பெருங்கோயிலில் இராஜேந்திரன் காலத்திலேயே வெட்டிய கல்வெட்டு கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தவற்றுள் பழையது அவன் மகன் வீரராஜேந்திரனுடையது. இராஜேந்திரன் தன் 23ஆம் ஆட்சியாண்டில் செய்த ஏற்பாடுகளை அது எடுத்துரைக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களையும் அவை அளக்க வேண்டிய நெல்லையும் அதில் காண்கிறோம். தந்தை சொன்னதை மகன் ஓலையிலிருந்து கல்லுக்கு ஏற்றியிருக்கிறான்.

போரின் விலை

இராஜேந்திரனை ஏரிகளின் அரசனாக மட்டும் காட்டினால் அது பொய்யாகும். கன்னட நாட்டில் 1007ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது லட்சம் படையோடு வந்த சோழ இளவரசன் நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றதாகவும் குற்றம் சாட்டுகிறது. பகைவன் எழுதியது, எண்ணிக்கையும் மிகை. இருந்தாலும் ஒதுக்கத்தக்கதன்று. இலங்கையில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, 12 ஆண்டுகள் சோழ நாட்டில் கிடந்து இங்கேயே இறந்தான். விகாரைகள் கொள்ளையானதைச் சூளவம்சம் வருத்தத்தோடு பதிவு செய்கிறது. பொலன்னறுவையில் இராஜேந்திரன் தாயின் மற்றொரு பெயரால் எழுந்த வானவன் மாதேவி ஈசுவரம் இன்றும் நிற்கிறது. அதே ஆட்சியின் இரு முகங்கள் இவை. ஜார்ஜ் ஸ்பென்சர் சோழர் படையெடுப்புகளைக் கொள்ளையின் அரசியல் என்று விளக்கினார். அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கொள்ளைப் பொருள் வந்தது உண்மை. செங்கமேட்டில் கலிங்கச் சிற்பங்கள் இருக்கின்றன. பெருங்கோயிலில் உள்ள நவகிரகக் கல் சாளுக்கிய நாட்டிலிருந்து வந்தது என்பர். ஆனால் கொள்ளைப் பொருளை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிடும் அரசு, இரண்டு ஆறுகளை இணைத்து ஏரி வெட்டாது. வந்த செல்வம் எதில் முடங்கியது என்ற கேள்வியை ஸ்பென்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு இந்தக் கரை விடை சொல்லியிருக்கும்.

கடாரப் படையெடுப்பையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் விட்ட ஆனைமங்கலத்தைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவனும் இராஜேந்திரன்தான். 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பல் ஏவியவனும் அவன்தான். 1033இல் சீனத்துக்கு அவன் தூதர்கள் சென்றார்கள். கடல் வாணிகத்தின் வழியை அடைக்கக் கூடியவனை அடக்குவதே நோக்கம். நிலம் பிடிப்பது அன்று. மாளிகைமேட்டுச் சீனப் பீங்கானுக்கும் அந்த வழிக்கும் தொடர்பு இருக்கிறது.

1044இல் இராஜேந்திரன் தன் நகரத்துக்கு வெளியே, செய்யாற்றுப் பக்கம் பிரம்மதேசத்தில் இறந்தான். அரசி வீரமாதேவி உடன் தீயில் விழுந்தாள். அவளுடைய உடன்பிறந்தான் மதுராந்தக வேளான், இருவரின் தாகம் தணிய அங்கே தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

அழிந்ததும் செய்ய வேண்டியதும்

நகரத்தின் வீழ்ச்சிக்குப் பாண்டியரைக் காரணம் சொல்வது வழக்கம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி முடிந்ததும் தலைநகர் என்ற தகுதி போயிற்று. தலைவாயைச் சீர்செய்ய ஆள் அனுப்பும் அதிகாரம் போனதும் ஏரியும் போயிற்று. ஊர் ஏரிகள் அரசுகள் மாறியும் பிழைத்தன. ஊர்களுக்கு மேற்பட்ட ஏரி, ஊர்களுக்கு மேற்பட்ட அரசு போனதும் தூர்ந்தது.

கல்லின் அழிவு பின்னால் நடந்தது. 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, பெருங்கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கோயிலைக் காக்க ஊர் ஏழைகள் தங்களால் ஆனமட்டும் தடுத்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை. இதை எழுதி வைத்ததும் அதே 1855ஆம் ஆண்டுக் குறிப்புதான். அரண்மனைச் செங்கற்கள் சுற்றுவட்டார வீடுகளுக்குள் போயின. 55 மீட்டர் விமானம் மட்டும் தப்பியது. 2004இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அந்தத் தகுதி கோயிலுக்கு வந்தது, கரைக்கு வரவில்லை. தொல்லியல் துறையின் அகழாய்வு இதுவரை பெரும்பாலும் மாளிகைமேட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது. 2025இல் சோழகங்கத்தைப் புதுப்பிக்க மாநில அரசு நிதி அறிவித்தது. தூர் வாரும் இயந்திரங்கள் இறங்கும் முன்பு, வாய்ப்பு இன்னும் கையில் இருக்கும்போது, செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. கரையின் முழு நீளத்தையும் நில அளவை செய்து வரைபடமாக்க வேண்டும். குறைந்தது மூன்று நான்கு இடங்களில் கரையைக் குறுக்கே வெட்டி, மண் அடுக்குகளைப் பார்த்து, எத்தனை முறை உயர்த்தினார்கள் என்று கணிக்க வேண்டும். உள்வாய் வண்டலை ஆய்வகத்துக்கு அனுப்பி ஏரி எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது என்ற காலத்தை நிறுவ வேண்டும். கொள்ளிடத்திலிருந்து வந்த வாய்க்காலின் தடத்தைச் செயற்கைக்கோள் படங்களோடும் ஊர்ப் புல வரைபடங்களோடும் ஒப்பிட்டுத் தேட வேண்டும்; பழைய வாய்க்கால் புறம்போக்கு எல்லைகள் இன்னும் கிராமக் கணக்கில் இருக்கக் கூடும். மதகுக் கற்களில் எழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தூர் வாரிய மண்ணோடு இந்தச் சான்றுகள் லாரியில் ஏறிப் போய்விட்டால், இராஜேந்திரன் ஆட்சியின் தலையாய ஆவணத்தைப் படிக்காமலேயே நாம் அழித்தவர்களாவோம்.